வலப்பக்கம் திரும்பினால் எரியும் விளக்கு

1

எங்கள் கார் ஜப்பானிய மொழி பேசும். செய்தது ஜெர்மனியில். முதலில் ஓடியது ஜப்பானில். பிறகு கப்பலேறி நியூசிலாந்துக்கு வந்து, பாலக்காட்டுக்குக் கிழக்கே நல்லேப்பிள்ளியில் பிறந்த என் கையில் சிக்கியது. இங்கே இப்படிப் பயன்படுத்தி இறக்குமதியான வண்டிகள்தான் மலிவு. சாவியைத் திருப்பியதும் உள்ளிருந்து ஒரு பெண்மணி மிகுந்த மரியாதையோடு ஏதோ சொல்வார். வண்டியை நிறுத்தும்போதும் சொல்வார். ஆறு வருடமாக நானும் அவருக்குச் 'சரிங்க' என்று பதில் சொல்லி வருகிறேன். அவர் சொல்வது எனக்குப் புரியாது என்பதால் எங்களுக்குள் இதுவரை ஒரு மனத்தாங்கலும் வந்ததில்லை.

நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கியது ஒரு ஜனவரியில். அந்த நாளைக் கொண்டாடுவதில்லை, மறக்கவும் முடிவதில்லை. காரின் வாரண்ட் முடிவதும் அதே வாரம்தான். வாரண்ட் என்றதும் ஊரில் யாரும் பதற வேண்டாம். வண்டி ஓட லாயக்கானது என்று ஆண்டுதோறும் சோதித்துக் கொடுக்கும் சான்றுக்கு இங்கே அதுதான் பெயர். முதல் வருடம் 'நாளைக்கு வாரண்ட் வாங்கப் போகிறேன்' என்று போனில் சொன்னபோது, என் மனைவியின் தம்பி தண்டபாணி குரலைத் தாழ்த்தி, "வக்கீல் ஆரையாச்சும் பாத்தீங்களாங் மாமா?" என்று கேட்டான்.

இந்த வருடம் அந்தக் காகிதம் வழக்கத்தைவிட முக்கியமாகிவிட்டது. மகள் இனியா பிப்ரவரிக் கடைசியில் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். காரும் அவளோடு போகிறது. ஐந்து மணி நேரப் பயணம், நடுவில் ஒரு மலை, மலையின் அந்தப் பக்கம் நெடுக இறக்கம். விடுமுறைக்கு விடுமுறை வந்துபோக அதுதான் வழி.

"பொண்ணு போறதுக்கு முன்னால வண்டிய ஒழுங்கு பண்ணிக் குடுத்துருங்க," என்றாள் என் மனைவி கோமதி. "அவளுக்கு நீங்க செய்யறதுக்கு இனி அது ஒண்ணுதான் பாக்கி."

பதினெட்டு வருடத் தந்தைப் பொறுப்பு ஒரு காரில் வந்து முடிந்ததில் எனக்கு ஆறுதல்தான்.

2

அந்தச் சமயம் பார்த்துத்தான் விளக்கு எரிந்தது. மஞ்சள் நிறத்தில் ஒரு வட்டம், அதன் இரண்டு பக்கமும் துண்டு துண்டாக வளைந்த கோடுகள். கீழே ஒரு வரி ஜப்பானிய எழுத்து. படம் எடுத்து இனியாவிடம் காட்டினேன்.

"பிரேக் பேடு தேஞ்சு போயிருக்கு, கடையில காட்டுங்கன்னு போட்டிருக்குப்பா," என்றாள். "மரியாதையாத்தான் சொல்றாங்க."

பள்ளியில் அவள் எடுத்த பாடம் ஜப்பானியம். தமிழில் அவளுக்குப் பேச்சு உண்டு, எழுத்து கிடையாது. நான் அவளை உட்காரவைத்து உயிரெழுத்தைத் தாண்டவைக்க முயன்றுகொண்டிருந்த அதே வருடங்களில், அவள் இன்னொரு நாட்டின் எழுத்துகளை நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்துவிட்டாள். குறை சொல்ல எனக்கும் தகுதி இல்லை. நல்லேப்பிள்ளியில் எனக்கு வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீசில் மலையாளம். இங்கே குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, பிறந்த இடம் கேரளம் என்று பார்த்துவிட்டு ஒரு மலையாள மொழிபெயர்ப்பாளரை அழைத்து வந்து உட்காரவைத்தார்கள். நான் தமிழன் என்று விளக்கத் தொடங்கினேன். பாதி வழியில், அரசாங்கக் காகிதம் சம்பந்தப்பட்ட ஒரு சொல்கூட எனக்குத் தமிழில் வராது என்பது நினைவுக்கு வந்தது. விளக்கத்தை நிறுத்திக்கொண்டேன். காரியம் சுமுகமாக முடிந்தது.

வாரண்ட் கொடுக்கும் பெரியவர் கோடை குளிர் எல்லாவற்றுக்கும் ஒரே அரைக்கால் சட்டை போடுகிறவர். சக்கரத்தின் இடைவெளியில் டார்ச் அடித்துப் பார்த்தார். வண்டியை ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டினார்.

"பேடு தாராளமாக இருக்கிறது. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது," என்றார்.

"அப்படியானால் விளக்குத்தான் பொய் சொல்கிறது," என்றேன்.

"சொல்லலாம். ஏன் பொய் சொல்கிறது என்று பார்த்துச் சரிசெய்து கொண்டு வா. வாரண்ட் தருகிறேன்."

3

நான் இங்கே நகரசபை நூலகத்தில், திரும்பி வரும் புத்தகங்களை அலமாரியில் அதனதன் இடத்தில் வைக்கும் வேலை பார்க்கிறேன். ஊரில் நூலகர் என்று சொல்லியிருக்கிறேன். இதில் ஒரு வசதி, எந்தத் துறையைப் பற்றியும் பாதி வழி வரை தெரிந்துவைத்திருக்கலாம். இந்தச் சமாச்சாரத்தையும் படித்துவிட்டேன்.

பிரேக் பேடில் ஒரு மெல்லிய கம்பி வளையம் பதிந்திருக்கும். பேடு தேய்ந்து தேய்ந்து அந்த ஆழத்துக்கு வந்ததும், சுழலும் டிஸ்க் அந்தக் கம்பியையும் உரசி அறுத்துவிடும். கம்பி அறுந்தால் விளக்கு எரியும். அதாவது அந்தக் கம்பி வாழ்நாளில் செய்யவேண்டிய ஒரே வேலை, சரியான நேரத்தில் அறுந்துபோவது. அந்த உத்தியோகத்தின்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

சனிக்கிழமை ஜாக்கி வைத்து முன்பக்க இடது சக்கரத்தைக் கழற்றினேன். பேடு தடியாக இருந்தது. அதில் பதிந்த வளையமும் முழுசாக இருந்தது. ஆகவே கோளாறு அங்கிருந்து வண்டிக்குள் போகும் வயரில். மீட்டரை இரண்டு முனையிலும் வைத்தேன். 'பீ' என்றது. வயர் நல்ல வயர். குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தபோது கோமதி ஏதோ எடுக்கக் காருக்குள் போய், இடம் போதாமல் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒதுக்கினாள். 'பீ' நின்றது. நேராக்கச் சொன்னேன். 'பீ'. வலப்பக்கம். மௌனம்.

அப்போதுதான் உறைத்தது. இந்த விளக்கு ரவுண்டானாவில் வலப்பக்கம் சுற்றும்போதெல்லாம்தான் எரிந்திருக்கிறது. வயர் மேலுறைக்குள்ளேயே எங்கோ முறிந்திருக்கிறது. சக்கரம் திரும்பினால் இழுபட்டுப் பிரிகிறது, நேரானால் ஒட்டிக்கொள்கிறது. இதைக் கண்டுபிடித்ததும் உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும்போல் இருந்தது. நல்லேப்பிள்ளியில் அப்போது காலைச் சாப்பாட்டுக்கு முந்தின நேரம். தண்டபாணியை வீடியோவில் அழைத்தேன்.

தண்டபாணி பம்புசெட் மெக்கானிக். காலையில் தோட்டம் தோட்டமாகப் போய் மோட்டார்களுக்கு டைரக்ட் கொடுப்பான். மாலையில் அவற்றில் கருகிப்போன ஏதாவது ஒன்றுக்குக் கடையில் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுவான். டைரக்ட் என்றால் என்னவென்று கிழக்குப் பாலக்காட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கரண்டு கூடினால், குறைந்தால், கிணற்றில் தண்ணீர் கீழே போனால் மோட்டாரைத் தானாக நிறுத்துவதற்கு ஸ்டார்ட்டரில் ஏதேதோ காவல் வைத்திருப்பார்கள். அந்தக் காவலையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஒரு துண்டு வயரால் கரண்டை நேரே மோட்டாருக்குக் கொடுப்பதே டைரக்ட். வயர் கூட இல்லாத வீடுகளில் ஸ்டார்ட்டர் பட்டன் இடுக்கில் ஈர்க்குச்சி சொருகியிருக்கும். நாங்கள் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஒரு கருவி 'நில்' என்றால் அதற்கு ஏதோ கோளாறு என்றுதான் எங்களுக்குத் தோன்றும்.

நான் வலது, இடது, மௌனம், 'பீ' எல்லாவற்றையும் விவரித்து முடித்தேன்.

"அதெல்லாஞ் செரீங் மாமா," என்றான். "பேடு நல்லாத்தான இருக்குது?"

"நல்லா இருக்குது மாப்ள."

"பொறகெதுக்குங் இத்தன ஆராய்ச்சி? வயர வெட்டி, வண்டிப் பக்கத்து முனை ரண்டயும் சேத்து முறுக்கி உடுங்க. டைரக்டாக் குடுத்துருங்க."

"லைட்டு போயிருமா?"

"ஏனுங், நா சொன்னா நம்ப மாட்டீங்களாங்? அது மதிங், அதே போதும். ஒரு பிரஸ்னமும் வராது."

வெட்டினேன். முறுக்கினேன். இன்சுலேஷன் டேப் தீர்ந்திருந்ததால், ஷெட்டில் கிடந்த இனியாவின் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு நறுக்கி இறுக்கமாகச் சுற்றினேன். சாவியைத் திருப்பினேன். விளக்கு ஒரு தரம் எரிந்து அணைந்தது. வலப்பக்கம் திரும்பினேன், இடப்பக்கம் திரும்பினேன். எரியவில்லை. பெண்மணி ஏதோ சொன்னார். 'சரிங்க' என்றேன்.

"கண்டுபிடித்துவிட்டாயா?" என்று கேட்டார் அரைக்கால் சட்டைப் பெரியவர்.

"கண்டுபிடித்துவிட்டேன்," என்றேன். கண்டுபிடித்தது உண்மைதானே. வாரண்ட் கிடைத்தது.

4

இங்கே நாங்கள் வசிக்கும் ஊரில் கேரளத்துத் தமிழ்க் குடும்பம் இரண்டு. ஒன்று நாங்கள். மற்றது செல்வராஜ் வீடு. செல்வராஜ் இடுக்கி மாவட்டத்து வட்டவடைக்காரர். இங்கே ஆப்பிள் கிடங்கில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறார். அதற்கு முன் பல வருடம் வட்டவடைக்கும் மூணாறுக்கும் இடையே ஜீப் ஓட்டியவர். என் தமிழைக் கேட்டு 'நீங்க கோயம்புத்தூரா' என்று முதலில் கேட்டவர் அவர். அவர் தமிழைக் கேட்டு 'நீங்கள் மதுரையா' என்று நான் கேட்டேன். இருவரும் கேரளம் என்று தெரிந்ததும் இருவருக்கும் கொஞ்சம் ஏமாற்றம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்க வந்தவரிடம், பொய் சொன்ன விளக்கின் கதையைச் சொன்னேன். சிரிக்கவேண்டிய இடங்களில் நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னேன். சைக்கிள் டியூப் வந்த இடத்தில் கோமதிகூடச் சிரித்தாள். செல்வராஜ் சிரிக்கவில்லை.

"லைட்டு எரியலைன்னா பிரேக்கு நல்லாருக்குன்னு அர்த்தமாண்ணே?"

"இல்லைதான். ஆனா பேடு நல்லாத்தானே இருக்கு."

"இன்னைக்கு இருக்கு. அந்தப் பிள்ள வருசக்கணக்கா மலை ஏறி எறங்கப் போகுதுல்ல? அதுக்குள்ள தேயாதா? தேஞ்சா யாரு அதுகிட்டச் சொல்லுவா? நீங்களா கூடப் போகப் போறீக?"

பதில் வராத இடத்தில் படித்தவர்கள் செய்வதைச் செய்தேன். எதிர்க்கேள்வி கேட்டேன். "உங்க ஜீப்புல என்ன லைட்டா வச்சிருந்தீங்க?"

"எங்க ஜீப்புல பாதி நாளு ஹாரனே அடிக்காது. அதனாலதான காத தீட்டி வச்சிருந்தோம்." டம்ளரைக் கீழே வைத்தார். "மலை உச்சி தாண்டி வட்டவடைக்கு எறங்க ஆரம்பிச்சதும் பாட்ட நிறுத்திருவேன். உள்ள ஒரு ஆளு பேசக் கூடாது. கைப்பிள்ள அழுதா பாலக் குடு தாயின்னுருவேன். பிரேக்கு லைனர் தேஞ்சா மொதல்ல கீச்சுன்னு ஒரு சத்தம் வரும். அத விட்டா கரகரன்னு இரும்பு பேசும். சூடேறுனா வாடை வரும். பூண்டு மூட்டை ஏத்துன அன்னைக்கு மட்டும் வாடை தெரியாது. அன்னைக்குக் காது ஒண்ணுதான்."

"எல்லாரும் பேசாம வருவாங்களா?"

"வராம? ஒரு தடவ பொண்ணு வீட்டு ஆளுகள ஏத்திக்கிட்டு வந்தேன். பதினோரு பேரு வாயத் தொறக்காம வந்து எறங்குறாங்க. மாப்பிள்ள வீட்டுக்காரங்க பயந்துட்டாங்க, வழியில யாருக்கோ என்னமோ ஆயிருச்சுன்னு."

இப்போது நான் சிரித்தேன். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று சொன்னார்: "நீங்க அணைச்சது லைட்டத்தாண்ணே."

5

அடுத்த மூன்று நாள் எனக்கு எங்கள் கிணற்று மோட்டாரின் ஞாபகமாகவே இருந்தது. தண்ணீர் கீழே போனால் மோட்டாரை நிறுத்தும் ஒரு சின்னப் பெட்டியை அப்பா ஆசையாக வாங்கி மாட்டினார். அது அடிக்கடி மோட்டாரை நிறுத்தியது. காரணம், தண்ணீர் அடிக்கடி கீழே போனது. அப்பாவுக்கு அந்தப் பெட்டியின்மேல் நம்பிக்கை போய்விட்டது. கழற்றி எறிந்துவிட்டு டைரக்ட் கொடுத்தார். ஒரு மாசி மாதத்து மத்தியானம் மோட்டார் வெறும் காற்றை இறைத்துப் புகைந்தது. "நல்ல மோட்டாரு, ராசியில்லாமப் போச்சு," என்றார் அப்பா. நெல் பால் பிடிக்கும் சமயம். அந்தப் போகம் போனது. பெட்டியை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

நான்காம் நாள் இனியா துணிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அறை வாசலில் நின்றுகொண்டு, விளக்கை அணைத்த விதத்தைச் சொல்லிவிட்டேன். சொல்லத் தயார்செய்து வைத்திருந்த வேடிக்கைகள் எதுவும் வாயில் வரவில்லை.

"எவ்ளோ நாளா?" என்றாள்.

"மூணு வாரமா."

"நான் இதுலதான் பீச்சுக்குப் போயிட்டு வந்தேன்."

"ஆமா."

"அது ஒழுங்கா இருந்துச்சா, இல்ல அப்படிக் காட்டுச்சா?"

"ஒழுங்காத்தான் இருந்துச்சு. ஆனா ஒழுங்கா இல்லாட்டியும் அப்படித்தான் காட்டியிருக்கும்."

கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "வாங்க, காட்டுங்க," என்றாள்.

சக்கரத்தைக் கழற்றினோம். டார்ச்சை அவள் பிடித்தாள். முறுக்கிய இடத்தைப் பார்த்து, "இது என் சைக்கிளா?" என்றாள். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். "இந்தக் கயிறு எதுக்கு?"

வயர் ஓரிடத்தில் பச்சை நைலான் கயிற்றால் பிரேக் குழாயோடு சேர்த்து இறுகக் கட்டப்பட்டிருந்தது. அந்த முடிச்சுக்குப் பக்கத்தில் வயரை வளைத்தால், உள்ளே எலும்பு முறிந்த விரல்போலத் தளர்ந்து மடிந்தது. முறிவு அங்கேதான். திரும்பும்போது தாராளமாக ஆடவேண்டிய வயரை அந்தக் கட்டு ஆட விடவில்லை. ஒவ்வொரு வலப்பக்கத் திருப்பத்திலும் அதே இடத்தில் இழுத்து இழுத்து முறித்திருக்கிறது.

எங்கள் பக்கம் பாகல் பந்தலில் கொடியைக் கம்பியோடு சேர்த்துக் கட்ட ஒரு இரட்டை முடிச்சுப் போடுவார்கள். காற்றுக்கும் அவிழாது. இந்தத் தீவில் அந்த முடிச்சுப் போடத் தெரிந்த ஆள் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். இரண்டு வருடம் முன்பு தண்டபாணி வீடியோவில் சொல்லச் சொல்ல நானே பேடு மாற்றியதும், அப்போது ஒரு கிளிப் உடைந்ததும், 'எதையாச்சும் வெச்சுக் கட்டி உடுங் மாமா' என்று அவன் சொன்னதும், தக்காளிச் செடிக்கு வாங்கின கயிறு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததும் வரிசையாக ஞாபகம் வந்தன.

"யார் கட்டினது?" என்று கேட்டாள்.

"பழைய ஓனரா இருக்கும்," என்று சொல்லத்தான் நாக்கு புரண்டது. "நான்தான்," என்றேன்.

கம்பி வளையத்தோடு புதிய சென்சார் தபாலில் வர ஒரு வாரம் ஆயிற்று, பேடில் சொருகும் முனையிலிருந்து வண்டிப் பிளக் வரைக்கும் ஒரே வயராக. கூடவே கிளிப்புகளும் வாங்கினோம். இனியா வயரை அதன் தடத்தில் வைத்து, ஒவ்வொரு கிளிப்பாக அழுத்தி, நடுவில் வேண்டிய அளவு தளர்வு விட்டாள். நான் டார்ச் பிடித்தேன். தண்டபாணி வீடியோவில் இருந்தான். கயிற்றைப் பற்றி யாரும் கேட்காதபோதே, "நா சணல்னு நெனச்சனுங்," என்றான்.

அவள் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கோடிவரை திருப்பினாள். விளக்கு எரியவில்லை.

"முடிஞ்சது," என்று எழுந்தேன்.

"இல்ல. இப்பப் பிளக்கைக் கழட்டுங்க."

"எதுக்கு? அணைஞ்சுதானே இருக்கு?"

"போன தடவையும் அணைஞ்சுதான் இருந்துச்சு."

கழற்றினேன். மஞ்சள் வட்டம் எரிந்தது. கீழே அந்த மரியாதையான வரியும் வந்தது. இனியா ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, மாட்டுங்க," என்றாள். வெளியே வந்து நின்ற கோமதியும் எட்டிப் பார்த்து, "எரியுது, எரியுது," என்றாள்.

"மாமா," என்றது போன். "லைட்டு எரியுதுன்னு சந்தோசப்படற குடும்பத்த இப்பத்தானுங் பாக்கறேன்."

6

அவள் புறப்பட்ட காலை எல்லாம் சொல்லி முடித்த பிறகு, கடைசியாக, மலை இறங்கும்போது பாட்டு வைக்கவேண்டாம் என்றேன். செல்வராஜின் ஜீப்பையும், பூண்டு மூட்டையையும், வாய்திறக்காத பெண் வீட்டாரையும் சுருக்கமாகச் சொன்னேன்.

"அப்பா, அதுக்குத்தான் சென்சார் இருக்கு. புதுசு. நான்தான் மாட்டினேன்."

"இருக்கட்டும்."

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த அவள் தோழி, அதே பல்கலைக்கழகத்துக்குப் போகிறவள், என்ன விஷயம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இனியா என்னைப் பார்த்தபடியே ஏதோ சுருக்கமாகச் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். கார் தெருக்கோடியில் வலப்பக்கம் திரும்பியது. விளக்கு எரிந்திருக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எட்டிப் பார்த்தேன்.

மத்தியானம் ஒரு குரல் பதிவு வந்தது. நாற்பது விநாடி. காதில் வைத்தால் முதலில் ஒன்றுமே இல்லை. கொஞ்சம் காற்று, டயர் ஓசை, எங்கோ ஒரு லாரி எதிரே கடக்கும் இரைச்சல். பாட்டு இல்லை. பிறகு தோழி ரகசியக் குரலில், "நாம் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்?" என்கிறாள். "தெரியாது. கேளு," என்கிறாள் என் மகள். மறுபடி காற்று.

பிரேக்கைப் பற்றி ஏதாவது தெரிகிறதா என்று அதை மூன்று தரம் போட்டுக் கேட்டேன். பிரேக்கைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. எடுத்துக்கொண்டு போக வண்டி இல்லாததால், ஆப்பிள் கிடங்குக்கு நடந்தே போனேன். செல்வராஜ் பெட்டி அடுக்கும் வண்டியை அணைத்துவிட்டு, போனை வாங்கிக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் தரம் கேட்கும்போது புருவம் சுருங்கியது.

"ஒரு கீச்சு கேக்குதுண்ணே."

"எங்கே?"

இன்னொரு தரம் கேட்டார். "இல்ல, அந்தக் கூட்டாளிப் பிள்ள சிரிப்ப அடக்குது." போனைத் திருப்பிக் கொடுத்தார். "பிரேக்கு நல்லாருக்கு. ஆனா பிரேக்க மிதிச்சுக்கிட்டே எறங்குது. எஞ்சின் சத்தமே பத்தல. கியரக் கொறச்சு எறங்கச் சொல்லுங்க."

அவளுக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் அங்கேயே நின்று, ஆப்பிள் பெட்டிகளுக்கு நடுவில், அதை அப்படியே குரல் பதிவாகச் சொல்லி அனுப்பினேன். யார் சொன்னது, ஏன் சொன்னார் என்பதையும் சேர்த்துக் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். என் பதிவு இரண்டு நிமிடத்துக்கு மேல் போனது. அதைக் கேட்டு முடித்திருக்க வாய்ப்பில்லாத நேரத்துக்குள் பதில் வந்துவிட்டது, அவள் குரலில்:

"சரிங்க."

மிகுந்த மரியாதையோடுதான் சொல்லியிருந்தாள். ஆறு வருடமாக அந்த ஜப்பானியப் பெண்மணிக்கு நான் சொல்லி வருவதும் அதே சரிங்கதான்.